முகெனில் ஒரு பாண்காரர் இல்லை

பேராதனையில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், 'த பொப்பி வோர்' நாவலை மூன்றே நாளில் முடித்துவிட்டேன். லெக்சருக்குக்கூடப் போகவில்லை. ஆனால் பிடித்ததா என்று யாராவது கேட்டால் பதில் வரமாட்டேன் என்கிறது. கடைசியில் ரின் அந்தத் தீவை எரிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அதை நினைத்து வயிற்றைப் பிரட்டியது. இப்படி ஒரு புத்தகத்தை நல்ல புத்தகம் என்று சொல்லலாமா? பத்தாம் ஆண்டு படிக்கும் தம்பி கேட்கிறான், கொடுக்கட்டுமா?"

தம்பிக்குக் கொடுக்காதே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். மற்றக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டும். இந்தப் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை முடித்த இரவு எனக்கும் நித்திரை வரவில்லை.

படிக்காதவர்களுக்காக நாலு வரி. ஆர்.எஃப். குவாங் 1996இல் சீனாவில் பிறந்து, நாலு வயதில் அமெரிக்கா போனவர். 2018இல் வந்த இதுதான் அவருடைய முதல் நாவல். நிகான் என்று ஒரு கற்பனைச் சாம்ராஜ்யம். அதன் தெற்கு மூலையில் ரின் என்ற யுத்த அநாதை, அபின் கடத்தும் ஒரு குடும்பத்தில் வளர்கிறாள். பரீட்சை எழுதித் தலைநகரத்து யுத்தக் கல்லூரிக்குப் போகிறாள். அப்புறம் முகென் என்ற தீவு நாடு படையெடுத்து வருகிறது. ரின்னுக்குள் ஒரு நெருப்புத் தெய்வம் இறங்குகிறது. மிச்சம் எல்லாம் சாம்பல்.

பாதிப் புத்தகம் வரைக்கும் இது நம் பிள்ளைகளின் கதை. ரின்னுக்கு முன்னால் இரண்டே வழிதான். வயதான ஓர் அதிகாரிக்குக் கழுத்தை நீட்டலாம், இல்லாவிட்டால் கேஜூ பரீட்சையில் சித்தியடையலாம். நித்திரை தூங்கி விழும்போது உருகிய மெழுகைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டு படிக்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழும்பிப் போய் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் மெழுகுதிரிக்கு வசதியில்லை, குப்பி விளக்குத்தான். நான் ஓ.எல். எழுதிய வருடம் மார்கழிக் குளிரில், பீலியில் பிடித்த தண்ணியைப் பேசினில் ஊற்றி, இரண்டு காலையும் அதற்குள் வைத்துக்கொண்டு படிப்பேன். கணுக்கால் வரைக்கும் விறைத்துப் போனால் நித்திரை கிட்டே வராது. இந்த வித்தையைச் சொல்லித் தந்தது பக்கத்துக் காம்பரா அக்கா. அவர் மூன்று தடவை எழுதிவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கே, போனவர்.

கேஜூ கற்பனை இல்லை. சீனாவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் நடந்த அரச பரீட்சை அது, 1905இல்தான் நிறுத்தினார்கள். ஒரே ஒரு பரீட்சைக்கு மட்டும் கதவு திறக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்காகப் பத்து வயதுப் பிள்ளையோடு ஒரு கிழமை பேசாமல் இருந்த தாயை எனக்குத் தெரியும். கெட்ட தாய் இல்லை. முதுகில் கூடையோடு இருபது வருடம் மலை ஏறி இறங்கிய தாய்.

ரின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவளுடைய கறுப்பு நிறத்தையும் தெற்கத்திப் பேச்சையும் வைத்துச் சிரிக்கிறார்கள். கண்டியில் ஒரு பள்ளிக்கூட ஹொஸ்டலில் எனக்கு அது நடந்தது. அறையைக் 'காம்பரா' என்று சொல்லிவிட்டேன், சாப்பாட்டு மேசையே சிரித்தது. சிரித்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். தோட்டக்காடு என்ற வசவை நான் முதன்முதலில் கேட்டது தமிழில்தான்.

குவாங் கெட்டிக்காரி. எங்கே தொட்டால் நமக்கு நோகுமோ அங்கே கையை வைத்துத்தான் நம்மைப் பிடிக்கிறார். இருநூறு பக்கம் ரின்னோடு சேர்ந்து நித்திரை முழித்து, அவளோடு சேர்ந்து அவமானப்பட்டு, அவள் முதலாவதாக வரும்போது கை தட்டியவர்கள், பிறகு அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போவோம். உனக்கு நடந்தது அதுதான்.

இடையில் ஒன்று. தலைப்பில் இருக்கும் பொப்பி அபின் செடி. அபினுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதே. பிரிட்டிஷ்காரருக்குச் சீனத்துத் தேயிலை வேண்டும், சீனருக்கோ பிரிட்டிஷ் சாமான் பெரிதாகத் தேவையில்லை. வெள்ளி வெள்ளியாகக் காசு போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்ட இந்தியாவில் அபினை விளைவித்துச் சீனாவில் இறக்கினார்கள். சீன அரசாங்கம் பிடித்து அழித்தது, 1839இல் யுத்தம் தொடங்கியது, 1842இல் ஹொங்கொங் கைமாறியது. அந்தக் காலத்திலேயே, சீனாவை நம்பியிருக்காமல் தாங்களே விளைவிப்போம் என்று அஸ்ஸாமில் தேயிலை போட்டுப் பார்த்துவிட்டார்கள். இங்கே இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடத்தில் கோப்பியில் பூஞ்சண நோய் விழுந்து, கோப்பி செத்த மலையெல்லாம் தேயிலை ஆனது. கங்காணிமார் அழைத்துவந்த நம் பூட்டன்மாரை அந்தத் தேயிலைதான் இங்கே பிடித்து வைத்தது. அபினும் கொழுந்தும் ஒரே பேரேட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிய கணக்கு. இது நாவலில் இல்லை. ஆனால் நாவலில் ஸ்பியர் தீவு மக்களுக்குச் சாம்ராஜ்யம் அபினைக் கொடுத்துப் பழக்கி யுத்தத்துக்கு அனுப்பியது என்று வரும்போது, சம்பளத்தன்று பின்னேரம் தவறணை என்ற குடிக்கடை வாசலில் நின்ற வரிசை என் கண்ணில் வந்து நின்றது.

சரி, உன்னை வயிறு பிரட்ட வைத்த இடத்துக்கு வருவோம். 21ஆம் அத்தியாயம், கோலின் நீஸ் நகரம். அது நான்ஜிங். 1937 டிசம்பர் 13இல் ஜப்பானியப் படை நான்ஜிங்குக்குள் நுழைந்து, அடுத்த ஆறு கிழமை அங்கே செய்ததைத்தான் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார். யுத்தத்துக்குப் பிறகு டோக்கியோவில் கூடிய விசாரணை மன்றம், செத்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்றது. நான்ஜிங் நினைவிடத்தில் மூன்று இலட்சம் என்று பொறித்திருக்கிறார்கள். மனிதர்களை வைத்துப் பரிசோதனை செய்யும் ஒரு வைத்தியர் வருகிறாரே, அதுவும் மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவுதான். அந்தப் பிரிவை நடத்தியவர் ஷிரோ இஷி, நாவலில் வைத்தியரின் பெயர் ஷிரோ. மறைக்கவே இல்லை.

நடந்த கொலையை எடுத்து மாயமந்திரக் கதைக்குள் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு வரவில்லை. அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் பார், பகலில் பார். அதுவரைக்கும் சண்டைக் காட்சியெல்லாம் துள்ளிக்கொண்டு ஓடிய எழுத்து, அந்த இடத்தில் துள்ளலை விட்டுவிடுகிறது. பார்த்தது, கேட்டது, அவ்வளவுதான். ரின்னோடு கல்லூரியில் படித்த வெங்கா தனக்கு நடந்ததைச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் ரின்னுக்கு ஆறுதல் சொல்லக்கூட வார்த்தை இல்லை. ரசித்து எழுதுகிறவர் அப்படி எழுதமாட்டார். எனக்குச் சங்கடம் அதற்குப் பிறகுதான். அந்தச் சாட்சியத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வரும் நெருப்புக்கு விறகாகப் போடுகிறார். இவ்வளவும் பார்த்தாய்தானே, இனி எரித்தால் என்ன என்று கதை நம்மைக் கேட்கிறது. நாமும் எரி என்கிறோம்.

இன்னும் இரண்டு இடம் எனக்குச் சரிவரவில்லை. இவற்றைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

ஒன்று, இரத்தம். மெழுகு ஊற்றிப் படித்து வந்த பிள்ளைதான் ரின். பாதியில் பார்த்தால், அவள் அழிந்துபோன ஸ்பியர் இனத்தின் வாரிசாம், நெருப்பு அவளுடைய பிறப்பிலேயே இருக்கிறதாம். அப்படியானால் அந்த மெழுகு எதற்கு? இருபத்தேழு வருடம் வகுப்பில் நின்ற எனக்கு இது ஒரு துரோகம் மாதிரித்தான் பட்டது. அதைவிட மோசம், அந்த இனத்தின் கோபத்தைக் கதை அவர்களுடைய இரத்தத்தில் வைப்பது. கறுத்த, தீவு மக்கள். வேலைக்கு வேண்டும், வீட்டுக்குள் வேண்டாம். குடிக்கு அடிமை, கோபக்காரர்கள். இந்தப் பேச்சை நாங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். 1948இல் தோட்டத்துத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்து, இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்ச ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று மூட்டை எண்ணுவது மாதிரி எண்ணினார்கள். அந்தச் சனத்துக்குக் கோபம் வந்தால் காரணத்தை இரத்தத்திலா தேடுவது? ஸ்பியர் மக்களைச் சாம்ராஜ்யம் நடத்திய விதத்தைக் குவாங் நன்றாகவே எழுதுகிறார். எழுதிவிட்டு, தெய்வத்தின் தலையிலும் கொஞ்சம் பழியைப் போட்டுவிடுகிறார்.

மற்றது, கர்ப்பப்பை. முதன்முதலாக மாதவிலக்கு வந்ததும், பயிற்சிக்கு இடைஞ்சல் என்று ரின் மருந்து வாங்கிக் குடித்துக் கர்ப்பப்பையையே அழித்துக்கொள்கிறாள். ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அவளுடைய உடம்பு, அவளுடைய முடிவு, சரிதான். ஆனால் 80களில் தோட்டங்களில் கருத்தடை ஒப்பரேசனுக்கு ஊக்கப்பணம் கொடுத்து லொறியில் ஏற்றிக்கொண்டுபோன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடமும் 'நீங்களே விரும்பித்தானே' என்றுதான் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பெண் மேலே வருவதற்கு இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று யார் அவளை நம்ப வைத்தார்கள்? அந்தக் கேள்வியை முதல் பாகம் கேட்காமலே தாண்டிப் போகிறது.

தெய்வத்தைப் பற்றி எழுதிய விதம் மட்டும் எனக்கு முழுசாகப் பிடித்தது. சாமி இறங்குவது நமக்குப் புதிதில்லை. முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிற ஊர். தேயிலை ஸ்டோரில் மெஷினைக் காப்பதற்கென்றே ரோதமுனி என்று ஒரு சாமியை உண்டாக்கிக்கொண்ட சனம். ஆனால் நம் ஊரில் சாமி வந்தால், அதை மலையேற்றவும் ஆள் இருக்கும். விபூதியோடு ஒரு பெரியவர் நின்று, 'வந்த காரியம் முடிஞ்சுது, மலையேறு சாமி' என்று கெஞ்சிக் கேட்டு அனுப்பி வைப்பார். நாவலில் சாமி மலையேறாது. சாமியாடியை மலைக்குள் போட்டுக் கல்லோடு கல்லாக மூடிவிடுவார்கள், சுலூ கோரிக் என்ற சிறை மலை. ரின்னுக்கு ஆசான் ஜியாங் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: கூப்பிடலாம், அனுப்ப முடியாது. அவள் கேட்கவில்லை.

இப்போது நீ கேட்ட சந்தோஷம்.

1983 ஆடி மாதம், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, எனக்கு ஒன்பது வயது. எங்கள் தோட்டம் பதுளைக்கு மேலே. டவுனில் கடைகள் எரிந்த புகை கீழேயிருந்து மேகம் மாதிரி ஏறி வந்தது. அன்றிரவு லயத்தில் யாரும் விளக்கு ஏற்றவில்லை, தேயிலைக்குள்தான் படுத்திருந்தோம். சித்தப்பா டவுனில் ஒரு கடையில் வேலை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. விடியக்காலையில் அப்பாயி எழும்பி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, புகை வந்த பக்கம் பார்த்து நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினார். 'முனியாண்டி, அத்தனை பேரும் வெந்து சாகணும்' என்று. பக்கத்தில் நின்ற நானும் ஒரு பிடி வாரித் தூற்றினேன். ஈர மண், கையைவிட்டுச் சரியாகப் போகவில்லை, பாதி என் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அந்த நிமிடத்தில் மனசுக்கு வந்த சுகத்தை இன்னும் மறக்கவில்லை. ரின் தீவை எரிக்கும் பக்கத்தில் உனக்கு வந்ததும் அந்தச் சுகம்தான். அதற்காக நீ வெட்கப்படத் தேவையில்லை.

சித்தப்பா நாலாம் நாள் வந்து சேர்ந்தார். அது வேறு கதை.

எங்கள் தோட்டத்துக்குச் சைக்கிளில் பாண் கொண்டுவருபவர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர் ஒருவர். பின்னால் தகரப் பெட்டி கட்டியிருப்பார், மணியை மூன்று தரம் அடிப்பார். எனக்கு மட்டும் உடைந்த பணிஸ் ஒன்றைக் காசில்லாமல் தருவார். ஒன்றிரண்டு கிழமை அவர் வரவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அத்தனை பேரும்' என்று அப்பாயி சொன்னதில் பாண்காரரும் அடக்கம், நான் தூற்றிய மண் அவர் மேலும் விழுந்துவிட்டது, அவர் வெந்து செத்துவிட்டார் என்று. அப்பாயியிடம் கேட்கப் பயம். முனியாண்டி கோயிலடிக்குப் போய், பாண்காரரை மட்டும் விட்டுவிடு என்று தனியாக வேண்டினேன். பிறகு ஒரு காலையில் மணி கேட்டது. அப்பாயி வாசலுக்குப் போய் இரண்டு றாத்தல் பாண் வாங்கினார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காசைக் கையில் கொடுக்காமல் பெட்டி மேல் வைத்தார். அவரும் பார்க்கவில்லை. பணிஸ் தந்தார். நான் சாப்பிட்டேன்.

நாவலின் குறை எனக்கு இந்த இடத்தில்தான் தெரிந்தது. முகென் தீவில் ஒரு பாண்காரர் இல்லை. முகென் என்றால் படைவீரன், தளபதி, அந்த வைத்தியர், அவ்வளவுதான். அந்தத் தீவில் யார் சமைக்கிறார்கள், யார் பிள்ளைக்குச் சட்டை தைக்கிறார்கள் என்று பெயரோடு, முகத்தோடு ஒருவரையும் நமக்குப் பழக்கிவைக்காமலே எரிக்கிறார். முகம் தெரியாததை எரிப்பது சுலபம். ரின்னுக்கும் சுலபம், நமக்கும் சுலபம்.

இது ஆசிரியருக்குத் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே வைத்த பொறியா? முதல் தடவை தெரியாமல் நடந்தது என்று நினைத்தேன். இப்போது பாதிப் பாதி. ரின் செய்தது தெரிந்ததும் அவளுடைய சிநேகிதன் கிதாய் அவளைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அந்த ஒரு காட்சிதான் நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. இத்தனைக்கும் யுத்தத்தில் அவன் இழந்தது கொஞ்சமில்லை. ரின்னின் வாழ்க்கையை மாவோ சேதுங்கின் வாழ்க்கையை வைத்து அமைத்ததாகக் குவாங் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நாம் கை தட்டி வளர்த்துவிட்ட பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். 2019இலும் 2020இலும் வந்த அடுத்த இரண்டு பாகத்திலும் அந்தக் கணக்கை ரின்னிடம் கேட்கத்தான் செய்கிறார். ஆனால் முதல் பாகத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் கையில் மிஞ்சுவது நெருப்பு மட்டும். கிதாயின் வாதம் ரின்னுக்கு உறைக்கவில்லை, படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் உறைக்காது. வாதத்துக்குப் பதில் ஒரு சைக்கிள் மணி போதுமாயிருந்திருக்கும்.

நல்ல புத்தகமா என்றால், ஆம் என்பேன். கெட்டிக்காரத்தனமான புத்தகம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். என் ஒன்பது வயதுக் கையில் ஒட்டிய மண்ணை நாற்பது வருடத்துக்குப் பிறகு எனக்கு ஞாபகப்படுத்திய புத்தகத்தை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் யாராவது சும்மா படிக்க ஒன்று தாருங்கள் டீச்சர் என்று கேட்டால் இதை எடுத்து நீட்டமாட்டேன். பிடித்ததா என்று உன்னைக் கேட்பவர்களிடம், விட முடியவில்லை என்று சொல். அது பொய்யில்லை.

தம்பி விஷயம். கதாநாயகிக்குத் தொடக்கத்தில் பதினாலு வயது என்பதால் இளைஞர் நாவல் என்று நினைத்துப் பலர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இது பெரியவர்களுக்கு எழுதியது. இரத்தமும் கொலையும் மட்டும் காரணமென்றால் நான் இவ்வளவு யோசிக்கமாட்டேன், அதைவிட மோசமானதை அவன் போனில் பார்த்திருப்பான். கடைசியில் உன்னை மாதிரியே அவனும் சந்தோஷப்படுவான். அதற்குப் பிறகு வயிற்றைப் பிரட்டாமல் விட்டுவிடுமோ என்றுதான் பயம். உயர்தரம் முடியட்டும், அப்போது கொடு. கொடுத்துவிட்டு அவன் முடிக்கிற அன்றைக்கு நீ வீட்டில் இரு.

அடுத்த பாகங்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. லீவுக்கு வரும்போது எடுத்துப் போ. மூன்றாவதன் அட்டை கழன்றிருக்கிறது, மழைக்குள் கொண்டுபோகாதே.